ஏழாம் கட்டத்து ராணியின் தாடி

ராணிக்குத் தாடி உண்டு என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதை எடுத்திருக்க மாட்டேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் படம் வரைகிறவனாக இருந்தேன். வெடிப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற லேபிள்தான் எங்களுக்கு முக்கிய வேலை. குருவி, புலி, ரோஜாப்பூ, குதிரை மேல் வீரன், கையில் மத்தாப்போடு சிரிக்கும் பெண். லேபிள் முடிந்தால் காலண்டர். காலண்டர் சீசன் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்து சார்ட். ஒரு தாளில் பதினாறு கட்டம் இருக்கும், கட்டத்துக்கு ஒரு படம். பிள்ளைகள் அதைக் கடையில் வாங்கிக் கட்டம் கட்டமாக வெட்டி நோட்டில் ஒட்டுவார்கள். தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் சின்னதாகக் குறிப்பு உண்டு. வெட்டி ஒட்டிவிட்டால் குறிப்பு பசைக்குள் போய்விடும். அதனால் முதலில் குறிப்பை எழுதிக்கொண்டு பிறகுதான் கத்திரிக்கோலை எடுக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் அப்படிச் செய்தார்களோ தெரியாது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பிறகு சாத்தூரில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போனேன். ஒட்டின லேபிளைப் பார்த்துப் பார்த்து வரைந்ததுதான் என் படிப்பு. பேச்சு எனக்குச் சிறுவயதிலிருந்தே வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வேண்டும் என்றால் உள்ளங்கை வியர்க்கும். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைகிற வேலை என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எனக்கு நாற்பது வயது தாண்டும் வரை அப்படியே ஓடிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு ஊர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்த காலம். பழங்களும் வாகனங்களும் தேசத் தலைவர்களும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறார்கள், புதிதாக ஏதாவது வேண்டும் என்று மதுரை வியாபாரி ஒருவர் எங்கள் முதலாளியிடம் ஆர்டர் கொடுத்தார். பண்டைய எகிப்து அரசர்கள், பதினாறு பேர்.

மிஷின் ஓட்டுகிறவருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "நம்ம ஊரு ராசாக்களே பாதிப் பேரு விக்காம கட்டுக்கட்டா கெடக்காக. இவுகளை எவன்ணே வாங்குவான்?" என்று என்னிடம் சொன்னார்.

முதலாளி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக ஊரில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம் அவருடையது. எது விற்கும், எது விற்காது என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. மதுரையில் பழைய புத்தகக் கடையிலிருந்து தடிமனான ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி வந்தார். எல்லாம் எகிப்து. பாதிப் பக்கங்களில் போட்டோ.

அந்தப் புத்தகத்தைப் படித்துத் தமிழில் குறிப்பு எழுத ஒரு பெண் இருந்தார். சரித்திரம் பி.ஏ. முடித்து, எங்களிடம் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எழுதுவதும் அவர்தான், புரூப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் எதுவும் மிஷினுக்குப் போகும். அவருடைய அம்மா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலையில் இருந்தார். பெண்ணை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா இல்லையா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. "சீசன் முடியட்டும்மா, பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் எனக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, எந்த போட்டோவைப் பார்த்து வரைய வேண்டுமோ அந்தப் பக்கத்தில் செருகிக் கொடுத்தார். ஒன்று, முதல் அரசர். மூன்று, பெரிய பிரமிடு கட்டியவர். பன்னிரண்டு, சிறுவயதில் இறந்த அரசர். அதிலிருந்து அச்சகத்தில் எல்லோரும் அவர்களைக் கட்டத்தின் நம்பரால்தான் சொன்னோம். உண்மையான பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

அந்த அரசர்களை வரைய எனக்குப் பிடித்திருந்தது. வெடி லேபிளில் எல்லாமே பாய வேண்டும், சீற வேண்டும், சிரிக்க வேண்டும். இவர்கள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து, பாதங்களை ஒட்டி வைத்து, கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை உட்காருவது போல நேராக உட்கார்ந்திருந்தார்கள். தலையில் நீலமும் மஞ்சளும் பட்டை பட்டையாகத் துணி. தரைச்சக்கரம் லேபிளுக்கு வைத்திருந்த நீலம் அதற்கு அப்படியே பொருந்தியது. வரையும்போது அரசர்களைவிட அந்தக் கல்லைச் செதுக்கியவர்களைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன். ஒரு காது மடலை இத்தனை நிதானமாகக் கல்லில் எடுத்தவனுக்கு என்ன பெயரோ? புத்தகத்தில் அது இருக்காது என்று இங்கிலீஷ் தெரியாமலே எனக்குத் தெரிந்தது.

ஏழாவது சீட்டில் 'பெண் அரசர்' என்று எழுதியிருந்தது. பக்கத்தைத் திறந்தால் போட்டோவில் இருந்த முகத்துக்குத் தாடி. மோவாய்க்கு நேர் கீழே, சின்ன உலக்கை போல, ஒட்ட வைத்த மாதிரி ஒரு தாடி.

இந்த இடத்தில் மத்தாப்பு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் கம்பி மத்தாப்பு லேபிள் ஒன்றுக்கு ஒரு பெண் படம் வரைந்தேன். மூக்குக்குக் கீழே லேசாக நிழல் வைத்தேன். மிஷினில் கறுப்பு மை கொஞ்சம் கூடுதலாக ஏறிவிட்டது. ஆயிரக்கணக்கான லேபிள்களில் அந்தப் பெண் மீசையோடு சிரித்தாள். கம்பெனிக்காரர்கள் லேபிள் முழுவதையும் திருப்பி அனுப்பினார்கள். மிஷின் ஓட்டுகிறவர் அதற்கு 'மீசைக்கார மத்தாப்பு' என்று பெயர் வைத்து டீக்கடை வரை பரப்பினார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பொம்பளை படம்னா லட்சணமா இருக்கணும்ப்பா. மூக்குக்குக் கீழ ஒரு புள்ளி கறுப்பு வரக்கூடாது. வந்துச்சு, அந்த மையை ஒம் மூஞ்சியில பூசிருவேன்" என்றார். அன்றிலிருந்து பெண் முகம் என்றால் மூக்குக்குக் கீழே என் பிரஷ் தானாகவே கறுப்பைத் தவிர்த்துவிடும்.

தாடியைப் பார்த்ததும் எனக்குப் பட்டது இவ்வளவுதான்: போட்டோ மாறிப்போயிருக்கிறது, அல்லது அந்த நாட்டில் யாரோ ஆண் சிலைக்குப் பெண் பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், "ஏம்மா, இவுகளுக்குத் தாடி இருக்கே" என்று கேட்டிருக்கலாம். பி.ஏ. படித்தவரிடம் போய் நான் எப்படி அதைக் கேட்பது? கேட்கவில்லை. தாடியை விட்டுவிட்டு முகத்தை வரைந்தேன். தாடியைக் கட்டியிருந்த பட்டை கன்னத்தில் கோடாகத் தெரிந்தது. அதையும் விட்டேன். உதட்டில் கொஞ்சம் சிவப்பு வைத்தேன். லட்சணமாக இருந்தது.

நாலு கலரில் முன்பக்கம் ஓடி முடிந்தது. மை காயத் தாள்களை அடுக்கி வைத்தோம். பின்பக்கத்துக் குறிப்புகளைச் சனிக்கிழமை ஓட்டுவதாக இருந்தது. முன்பக்கம் அச்சான தாள் ஒன்றையும் குறிப்புகளின் புரூபையும் வியாபாரி பார்க்கட்டும் என்று மதுரை பஸ்ஸில் முதலாளி கொடுத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். போன் வந்தது. முதலாளி போனில் பேசினால் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"சொல்லுங்க... என்னது? தாடியா? யாருக்குத் தாடி? ராணிக்கா? ராணிக்கு எதுக்குய்யா தாடி?"

அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். என் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

போனை வைத்ததும் முதலாளி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. புரூபைக் கையில் வைத்து, ஏழாம் கட்டத்துக் குறிப்பைச் சத்தமாக வாசித்தார்.

"'பெண்ணாக இருந்தும் ஆண் அரசர்களைப் போலத் தாடி வைத்துக்கொண்டு நாட்டை ஆண்டவர்.' நீ எழுதினதுதானம்மா?"

"ஆமா முதலாளி."

"தாடி எங்கன இருக்கு? இந்தா, படத்தைப் பாரு. தாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம மத்தாப்புப் பொம்பளைக்கு அக்கா மாதிரி இருக்கு. பின்னாடி தாடிங்கீக, முன்னாடி தாடியைக் காணோம், வாத்தியாருமாருக சிரிப்பாகன்னு மதுரைக்காரரு சொல்லுதாரு. லோடே வேணாம்ங்காரு."

"அது இன்னொரு செலை முதலாளி..."

"செலையும் வேணாம், கிலையும் வேணாம். முன்னாடி பாத்துட்டுத்தானே பின்னாடிக்குக் கையெழுத்துப் போடணும்? ஜும்மா முடிஞ்ச ஒடனே அவரு இங்கன வந்துருவாரு. லோடு எடுக்க மாட்டேன்னுட்டாருன்னா, நீ திங்கக்கெழமையில இருந்து வர வேணாம்மா. நான் கோவத்துல சொல்லல. கையெழுத்து ஒன்னுது."

அந்தப் பெண் வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தார். அழவில்லை. பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார். முதலாளி கை கால் கழுவித் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மிஷினை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரம்.

மிஷின் ஓட்டுகிறவர் தூக்குவாளியைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தார். "என்ன ஆர்ட்டிஸ்ட்டண்ணே, அன்னைக்கு இல்லாத மீசை வந்துச்சு. இன்னைக்கு இருந்த தாடி போச்சு. ஒங்க கையில என்னமோ இருக்கு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ராணிக்கு உண்மையிலேயே தாடி 'இருந்தது' என்பது எனக்கும் அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருந்தது. போட்டோவில் பார்த்த தாடியை நான் வேண்டுமென்றே விட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணிடமாவது முதலில் சொல்லிவிடலாம் என்று எழுந்து போனேன். மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிடலையாம்மா?" என்றேன். சொல்ல வந்தது அதுவல்ல.

"பசிக்கலண்ணே. எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அது கையைப் பாத்திருக்கீகளா? எம்புட்டு சோப்புப் போட்டாலும் அந்த மருந்தோட வெள்ளிப் பொடி போகாது. சோறு பெசைஞ்சா சோறும் மினுங்கும். நீ அந்தப் பட்டாசு ஆலைக் கேட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்க வச்சுச்சு. இங்கன வேலை இல்லன்னா அப்புறம் அந்தக் கேட்டுதானண்ணே."

நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வெட்டு மிஷினுக்குப் பின்னால் போய் நின்று, 'நான்தான் எடுத்தேன் முதலாளி' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை சொன்னேன். சத்தம் வரவில்லை.

என் மேசையில் அந்தப் பெண் எழுதிய குறிப்புகளின் கைப்பிரதி கிடந்தது. அதுவரை நான் சீட்டை மட்டும்தான் படித்திருந்தேன், குறிப்பை முழுதாகப் படித்ததில்லை. எழுத்துக் கூட்டி ஏழாம் கட்டத்தைப் படித்தேன். அந்த ராணி கணவன் இறந்தபின் அரசராக வேண்டிய சின்னப் பிள்ளைக்குப் பதிலாக ஆட்சிக்கு வந்தவர். பிறகு தானே அரசராகிவிட்டார். அங்கே அரசர் என்றால் தாடி வேண்டும். ஆண்களே ஒட்டுத்தாடிதான் வைத்துக்கொண்டார்களாம். அதனால் அவரும் வைத்துக்கொண்டார். சண்டைக்கு அனுப்பிய கப்பல்களைவிட அவர் வியாபாரத்துக்கு அனுப்பிய கப்பல்கள் பேர் பெற்றவை. தூர தேசத்திலிருந்து சாம்பிராணி மரங்களை வேரோடு தோண்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் இறந்து பல வருடம் கழித்து, அவருக்குப் பின் ஆண்ட அரசர் கோயில் சுவர்களில் இருந்த அவருடைய உருவங்களையும் பெயரையும் உளி வைத்துக் கொத்தச் சொன்னார். கொத்தியவர்கள் உருவத்தின் ஓரத்தை ஒட்டியே கொத்தியதால், அவர் இருந்த இடம் அவருடைய உருவத்திலேயே பள்ளமாக நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான வருடம் கழித்து வந்தவர்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான், இங்கே ஒருவர் இருந்தார் என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் கடைசி இரண்டு வரி இடமில்லாமல் அச்சில் வரவில்லை. கைப்பிரதியில் மட்டும் இருந்தது.

நான் அந்த உளிக்காரர்களை நினைத்தேன். அவர்களுக்கு அரசர் உத்தரவு இருந்தது. கொத்தாவிட்டால் தலை போயிருக்கும். எனக்கு யார் உத்தரவிட்டார்கள்? ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டுத்தானே நான் எடுத்தேன்? அதற்காக அந்தப் பெண் விஸ்வநத்தத்துக்குப் போவதா?

வெளியே ஆட்டோ வந்து நின்றது. முதலாளியும் மதுரை வியாபாரியும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். வியாபாரி பெரிய கண்ணாடி போட்ட, நிதானமான ஆள். கையில் எங்கள் சார்ட் சுருட்டியிருந்தது.

நான் ஏழாம் கட்டத்துக்கு வரைந்த அசல் படத்தை எடுத்தேன். அது ஓர் அட்டை, நோட்டுப் புத்தக அளவு இருக்கும். எகிப்துப் புத்தகத்தையும் அக்குளில் வைத்துக்கொண்டேன். கறுப்பு வண்ணக் குப்பி, மூடியில் கொஞ்சம் தண்ணீர், மெல்லிய பிரஷ். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனேன். யாரும் கூப்பிடாமல் அந்த அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா?" என்றார் முதலாளி.

சொல்லிப் பார்த்த வாக்கியம் வரவில்லை. அட்டையை அவர் மேசை மேல் வைத்தேன். புத்தகத்தில் தாடி இருந்த பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். குனிந்து, ராணியின் மோவாய்க்குக் கீழே தாடியை வரைய ஆரம்பித்தேன். முதலில் தாடி, பிறகு கன்னத்தில் அந்தப் பட்டைக் கோடு. பிரஷ் பிடித்திருந்தால் என் கை எப்போதும் நடுங்காது.

"இது இருந்துச்சு முதலாளி. நான்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதிச்சு" என்றேன், அட்டையைப் பார்த்தபடியே.

"நீ எடுத்தியா? ஏன்?"

"நீங்கதான் சொன்னீக."

"நானா? எகிப்து ராணிக்குத் தாடியை எடுன்னு நான் ஒங்கிட்ட சொன்னேனா?"

"பொம்பளை மொகத்துல மூக்குக்குக் கீழ ஒரு புள்ளி கறுப்பு வரக்கூடாதுன்னு..."

கதவோரத்தில் தூக்குவாளியோடு நின்ற மிஷின் ஓட்டுகிறவர், "மீசைக்கார மத்தாப்பு, முதலாளி!" என்றார்.

வியாபாரிக்கு விஷயம் புரியவில்லை. முதலாளி அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. லோடு இன்னும் அங்கேயேதான் இருந்தது.

அப்போது அந்தப் பெண் உள்ளே வந்தார். "அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் குடுங்கண்ணே" என்று வாங்கி, வேகமாகப் பக்கங்களைத் தள்ளினார். நாலைந்து தாள் தள்ளி நிறுத்தினார். "இது இதுலதான் பாத்தேனா, காலேஜ் புஸ்தகத்துல பாத்தேனான்னு சந்தேகமா இருந்துச்சு. அதான் காலையில அழுத்திச் சொல்ல முடியல."

வெள்ளைக் கல்லில் உட்கார்ந்திருக்கும் உருவம். அதே தலைத்துணி, முழங்காலில் அதே கைகள். மெல்லிய முகம், பெண்ணின் உடம்பு. தாடி இல்லை.

"இதுவும் அவுகதான் முதலாளி. அவுக செலையில ஆம்பளை மாதிரி தாடி வச்சதும் இருக்கு, இப்படிப் பொம்பளையாவே இருக்கதும் இருக்கு."

வியாபாரி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, கீழே இருந்த இங்கிலீஷ் வரியை விரல் வைத்து வாசித்தார். எங்கள் சார்ட்டை விரித்து ஏழாம் கட்டத்தைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு ஒரு சீசன் ஓடியது போல இருந்தது.

"அப்ப முன்னாடி போட்டது தப்பில்லையே. பின்னாடி வரிதானே பத்தல?" என்றார். "பின்பக்கம் ஓட்டியாச்சா?"

"இல்ல. நாளைக்குத்தான்" என்றார் முதலாளி.

"அப்புறம் என்ன? ஒரு வரி சேத்துப் போடுங்க. வாத்தியாரு கேட்டா பிள்ளைக பதில் சொல்லிட்டுப் போகுது." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா ஒண்ணுய்யா. இந்த லிப்ஸ்டிக் மட்டும் எந்தச் செலையிலயும் இல்ல."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று, மூட்டையை லாரியிலிருந்து இறக்கியது போல இறங்கிவிட்டது. மின்விசிறிக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு ஜில்லென்றது. அவ்வளவு வியர்த்திருந்தேன் என்பது அதற்கு முன் தெரியவில்லை.

முதலாளி அந்தப் பெண்ணைப் பார்க்காமல், மேசை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்திக்கொண்டே சொன்னார். "திங்கக்கெழமை வெள்ளனே வந்துரும்மா. அடுத்த சார்ட்டு ரோமாபுரி. அதுக்கும் ராசாக்கமாரு நெறைய இருக்காக. நீதான் எழுதணும், இந்த வருசமும் அடுத்த வருசமும்." அவரிடமிருந்து அதற்கு மேல் மன்னிப்பு வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் "சரி முதலாளி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தார்.

நான் டீ வாங்கி வரச் சொல்லி அவருக்கும் ஒன்று கொடுத்தேன். கொடுத்துவிட்டு உடனே நகரவில்லை.

"நான் கேட்டிருக்கணும்மா" என்றேன். "ஒங்களுக்குக் கோவம் இல்லையா?"

அவர் கொஞ்சம் விழித்தார். "எனக்கு என்ன கோவம்ண்ணே? அச்சான தாளைப் பாத்தப்பவே தாடி இல்லன்னு கவனிச்சேன். அண்ணன் புஸ்தகம் பூரா பாத்து, இந்த வெள்ளைச் செலையைத் தேடிப் பிடிச்சு வரைஞ்சிருக்காகன்னு நெனச்சேன். நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காகளேன்னுகூட நெனச்சேன்."

"அப்ப காலையில முதலாளி கத்துனப்ப, வரைஞ்சது நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

"படம் நீங்க வரைஞ்சதுன்னு அவருக்கே தெரியும்லண்ணே. நான் வேற எதுக்கு ஒங்க பேரை எடுத்துக் குடுக்கணும்?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் போய் அவரிடம் எப்படிக் காட்டுவது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அவரோ எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். பத்தடி தூரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு ஒரு லோடையே கவிழ்க்கப் பார்த்திருக்கிறோம்.

சாயங்காலமே புதுப் புரூப் வந்தது. வியாபாரி அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்று உட்கார்ந்திருந்தார். ஏழாம் கட்டத்தில் ஒரு வரி கூடியிருந்தது. 'இவருடைய சிலைகளில் சில தாடியோடும், சில தாடி இல்லாமலும் காணப்படுகின்றன.' அந்தப் பெண் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் படத்தை வச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

நான் உட்கார்ந்தேன். முன்பக்கத்தில் ஒரு கட்டம், பின்பக்கத்தில் அதன் குறிப்பு என்று பதினாறையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், நேரம் ஆயிற்று. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாம் கட்டத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன். அவர் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது. அவர் கையெழுத்துக்குக் கீழே என் பெயரை எழுதினேன். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எதிலும் அச்சகத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஐந்தாம் வகுப்பில் நிறுத்திய கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு நின்றது.

தாடி வரைந்த அட்டையை முதலாளி என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில், அவர் எப்போதோ ஒட்டி வைத்திருந்த மீசைக்கார மத்தாப்பு லேபிளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். தாடி இல்லாத ராணி மறுநாள் பின்பக்கம் ஓடி, வெட்டுப்பட்டு, கட்டுக்கட்டாக மதுரைக்கு லாரி ஏறினார்.

லோடு ஏற்றும்போது மிஷின் ஓட்டுகிறவர் புரூபை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு கையெழுத்தா?" என்றார். "நல்லதுதான். இனிமே தப்பு வந்தா ஆளுக்குப் பாதி திட்டு."

"வரட்டும்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.